வண்டி பேட்டரி வேற, வீட்டு பேட்டரி வேற

நெல், மணிலா பத்தியெல்லாம் எழுதிட்டு திடீர்னு பேட்டரி பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. இதுவும் நம்ம ஊர் விஷயம்தான். இப்போ நம்ம பக்கம் ரெண்டு வீட்டுக்கு ஒரு வண்டியாவது இருக்கு. டிராக்டர், மினி லோடு வண்டி, ஆட்டோன்னு ஏதோ ஒண்ணு. அதுல இருந்து ஒரு ஒயரை இழுத்து இன்னொரு பேட்டரிக்குக் கரண்ட் ஏத்தறதும் பழக்கமாயிடுச்சு. அதுல என் மனசுல இருக்கறதைச் சொல்லிடணும்னுதான் இந்தப் பதிவு.

போன வாரம் என் தம்பி மகன் வந்தான். புது மினி லோடு வண்டி எடுக்கப் போறான். "பெரியப்பா, இந்த வாட்டி பின்னாடி லித்தியம் பேட்டரி வெச்சிடலாம்னு இருக்கேன். ஃபேன், லைட்டு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடும். வண்டி டைனமோவுல இருந்து ரெண்டு ஒயர் இழுத்தா போதுமாம், மெக்கானிக் சொன்னாரு"ன்னான்.

"டேய், போன வருஷம் பாய் எரிஞ்சது மறந்து போச்சா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டான்.

அந்தப் பாய் கதையைச் சொல்றேன்.

நானும் தம்பியும் சேர்ந்து 2019ல ஒரு மினி லோடு வண்டி வாங்கினோம். கோடையில தர்பூசணி வந்ததும் தம்பி குடும்பம் வண்டியில காயை ஏத்திக்கிட்டு மேல்மருவத்தூர் தாண்டி பைபாஸ் ஓரமா கடை போடுவாங்க. ஒரு வாரம், பத்து நாள் அங்கேயேதான். மேல தார்ப்பாய் கட்டி, வண்டி பாடியில கோரைப்பாய் போட்டுத் தூக்கம். வந்தவாசிக்காரன் எங்க போனாலும் கூடவே ஒரு கோரைப்பாய் போகும்னு உங்களுக்குத் தெரியாததா?

வெளிநாட்டுல வேனுக்குள்ளயே கட்டில், அடுப்பு எல்லாம் வெச்சு ஊர் ஊராப் போறாங்க. அதுல இஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி, உள்ள லைட்டு, ஃபேனுக்குத் தனியா ஒரு பேட்டரி. ரெண்டாவதுக்கு 'வீட்டு பேட்டரி'ன்னே பேரு வெச்சிருக்காங்க. சுத்திப் பார்க்கப் போறவங்க வேன் அது. நம்முது காய் விக்கப் போற வண்டி. ஆனா ராத்திரி அதுல மனுஷன் தூங்கறான், அவனுக்கு ஒரு லைட்டும் ஒரு ஃபேனும் வேணும். அதனால அவங்க கணக்கு நமக்கும் பொருந்தும்.

2024 மார்ச்ல தம்பி மகன் ஒரு பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாடியில வெச்சு, வண்டி பேட்டரியில இருந்து நேரா ஒயர் இழுத்துட்டான். வீட்டு ஒயரிங் பண்ணி மிச்சமான 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர். ஃபியூஸ் கிடையாது. ஒயரை வேலை செஞ்சு கொடுத்தவர் சேசிஸ் ஓட்டை வழியா விட்டு, சும்மா டேப் சுத்திட்டுப் போயிட்டாரு. நாலஞ்சு நாள் நல்லாத்தான் எரிஞ்சது. ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், என் தம்பி சம்சாரத்துக்கு ஏதோ ரப்பர் கருகுற வாசனை வந்திருக்கு. எழுந்து பார்த்தா பாய் ஓரத்துல புகை. ஓட்டையில உரசி உரசி ஒயர் தோல் கிழிஞ்சு, செம்பு இரும்பைத் தொட்டிருக்கு. ஒயர் முழுக்கச் சிவக்கச் சிவக்க, அதுமேல கிடந்த பாய் பத்திக்கிச்சு. பக்கத்துல பேரப்புள்ள தூங்கறான். தம்பி துணியைச் சுத்திக்கிட்டு பேட்டரி முனையைப் புடுங்கிப் போட்டதால தப்பிச்சாங்க. கையில இன்னும் தழும்பு இருக்கு.

"12 வோல்ட்தானே, என்னா ஆயிடும்"னு நினைக்கறதுலதான் கோளாறு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ரெண்டு முனையையும் வெறுங்கையால தொடலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா பேட்டரியோட ப்ளஸ் இரும்பைத் தொட்டுட்டா நூத்துக்கணக்குல ஆம்ப்ஸ் பாயும். வெல்டிங் அடிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, வோல்ட் கம்மியாவும் ஆம்ப்ஸ் ஜாஸ்தியாவும் இருந்தா இரும்பே உருகும்னு சொல்லுவாங்க. அது 2.5 ஒயர்ல பாய்ஞ்சா ஒயரே ஹீட்டர் காயில் ஆயிடும்.

நான் இந்த வேலைக்கு எதிரி இல்ல. ஓடற வண்டியில மிச்சமாகற கரண்ட்டைப் பிடிச்சு வெச்சுக்கறது நல்ல புத்தி. வாய்க்கால்ல வீணாப் போற தண்ணியைக் குட்டையில தேக்கற மாதிரி. ஆனா ரெண்டு விஷயம் கூடவே கூடாது. ஒண்ணு, கரண்ட்டுக்காகவே வண்டியை நிக்க வெச்சு ஓட விடறது. ரெண்டு, ஃபியூஸ் இல்லாத ஒயர் மேல புள்ளைக் குட்டிகளைத் தூங்க வெக்கறது. முதல்ல சொன்னதுல பணம் போகும். ரெண்டாவதுல உயிர் போகும்.

பணம் போன கதை என்னோடது. அதையும் மறைக்காம சொல்றேன்.

2012ல கரண்ட் கட் எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கும். கிராமத்துல ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. பொண்ணு அப்போ பத்தாவது. ராத்திரி படிக்க லைட்டு இல்ல. கொசு வேற. என்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் டிராக்டர் இருந்துச்சு. அதோட பேட்டரியில சின்ன இன்வெர்ட்டரை மாட்டி, ஜன்னல் வழியா ஒயர் விட்டு ஒரு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும் ஓட்டினேன். பெரிய விஞ்ஞானி ஆயிட்ட மாதிரி நினைப்பு!

மூணாவது நாள் காலையில சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல. ஏர் ஓட்ட ஆள் காத்துக்கிட்டு இருக்கான், நான் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக்கிட்டு இருக்கேன். இப்படியே பல நாள். எட்டு மாசத்துல புது பேட்டரி செத்துப் போச்சு. கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினாரு, தட்டெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது.

அவர்தான் விளக்கிச் சொன்னாரு. வண்டி பேட்டரியில மெல்லிசான தட்டு நிறைய இருக்கும். செல்ஃப் மோட்டார் சுத்தற ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரே மூச்சுல நூத்துக்கணக்கான ஆம்ப்ஸ் கொடுக்கும். கொடுத்ததை டைனமோ உடனே திருப்பிப் போட்டுடும். அதை ராத்திரி பூரா உறிஞ்சினா தாங்காது. இன்வெர்ட்டருக்கு வர்ற டியூபுலர் பேட்டரியில தட்டு தடிமன். மெதுவா, நிறைய நேரம் கொடுக்கும். மாடு வெச்சிருந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். பந்தயத்துல ஓடற மாட்டை ஏர்ல பூட்டினா ரெண்டு சால்ல நாக்கு தள்ளிடும். ஏர் மாட்டைப் பந்தயத்துல விட்டா அது தன் போக்குலதான் நடக்கும். ரெண்டும் மாடுதான், வேலை வேற.

அதுக்கப்புறம் கடன் வாங்கி ஒரு 150 ஏ.எச். டியூபுலர் வாங்கினேன். வீட்டுல சார்ஜ் ஏறக் கரண்ட்டே நிக்கறதில்ல. சரி, டிராக்டரை வாசல்ல நிறுத்தி அதுல ஏத்தலாம்னு ஆரம்பிச்சேன். ஒரு நாள் என் பொண்ணே கணக்குப் போட்டுக் காட்டினா.

பேட்டரியில பாதி காலியாகுது, அதாவது 75 ஏ.எச். 12 வோல்ட்டால பெருக்கினா 900 வாட் அவர். ஒரு யூனிட்டுகூட இல்ல. திருப்பி ஏத்தும்போது கொஞ்சம் நஷ்டம் ஆகும், அதனால ஒரு 90 ஏ.எச். போடணும். டிராக்டர் டைனமோவுல 36 ஆம்ப்ஸ்னு எழுதியிருந்தாலும் டியூபுலர் பேட்டரிக்கு அதோட அளவுல பத்துல ஒரு பங்குதான் நல்லது, அதாவது 15 ஆம்ப்ஸ். ஆக, ஆறு மணி நேரம் டிராக்டர் ஓடணும். நான் அளந்து பார்த்ததுல கொஞ்சம் ஆக்சிலேட்டர் வெச்சு நின்னு ஓடினா மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் குடிக்குது. ஆறு மணிக்கு ஏழரை லிட்டர். இன்னைக்கு டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல. போட்டுப் பாருங்க, 700 ரூபாய் கிட்ட வருது. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு! ஈபியில எவ்வளவு பெரிய பில்லு வந்தாலும் ஒரு யூனிட் பதினஞ்சு ரூபாய்கூட ஆகாது. அதுலயும் 2016ல இருந்து வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். நான் வாசல்ல தங்கத்தை எரிச்சு வெளிச்சம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

காரணம் எளிசு. அவ்வளவு பெரிய இஞ்சினைச் சுத்தறதுக்கே டீசல் போயிடுது, பேட்டரிக்குப் போறது அதுல ஒரு சொட்டு. அதே டிராக்டர் கழனியில நாலு மணி நேரம் ஏர் ஓட்டும்போது ஏறற கரண்ட்டுக்கு நாம தனியா டீசல் போடறது ரொம்பக் கொஞ்சம். அதனாலதான் சொல்றேன், ஓடற வண்டியில பிடி, பிடிக்கறதுக்காக ஓட்டாதே.

நின்ன வண்டியை ஓட விடறதுல இன்னொரு ஆபத்து புகை. தார்ப்பாய் கட்டின வண்டியில ஆளுங்க படுத்திருக்கும்போது இஞ்சினை ஓட விட்டா சைலன்சர் புகை உள்ள தேங்கும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு. அந்த விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கினவன் தூங்கினபடியே போயிடுவான். "ஃபேன் ஓடலையே, கொஞ்ச நேரம் இஞ்சினைப் போடு"ன்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

சரி, அப்போ எப்படிச் செய்யணும்? பாய் எரிஞ்சதுக்கு அப்புறம் எங்க வண்டியில செஞ்சதைச் சொல்றேன். செய்யாறுல ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பொறுமையா செஞ்சு கொடுத்தாரு. அவர் சொன்னதையும் நான் மீட்டர் வெச்சுப் பார்த்ததையும் சேர்த்து எழுதறேன்.

முதல்ல எவ்வளவு கரண்ட் வேணும்னு பார்த்தோம். 12 வோல்ட் டிசி ஃபேன் ஒண்ணு, 15 வாட். எட்டு மணி நேரம் ஓடினா 120. ரெண்டு எல்.இ.டி. லைட்டு, 5 வாட் வீதம் அஞ்சு மணி நேரம், அது 50. மூணு போன் சார்ஜுக்கு ஒரு 45. மொத்தம் 215 வாட் அவர். 12ஆல வகுத்தா 18 ஏ.எச். அவ்வளவுதான் ஒரு ராத்திரிக்கு. இதுக்கு எதுக்கு 150 ஏ.எச்.? 75 ஏ.எச். டியூபுலரே தாராளம். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, அப்பத்தான் நாலஞ்சு வருஷம் உழைக்கும்.

அடுத்தது, ரெண்டு பேட்டரியையும் எப்பவும் சேர்த்தே வெக்கக் கூடாது. சேர்ந்திருந்தா ராத்திரி ஃபேன் ரெண்டையும் உறிஞ்சிடும், காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதோட செல்ஃப் அடிக்கும்போது பின்னாடி இருக்கற பேட்டரியில இருந்தும் அந்தச் சின்ன ஒயர் வழியா கரண்ட் பாய்ஞ்சு ஒயர் சூடாகும். நடுவுல ஒரு ரிலே வேணும். இஞ்சின் ஓடும்போது மட்டும் ரெண்டையும் சேர்த்து, நின்னதும் பிரிச்சுடற ரிலே. வோல்ட்டைப் பார்த்துத் தானா சேர்ற ரிலேவும் இருக்கு. வண்டி ஓடாதப்ப, நிறைஞ்ச பேட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டும். டைனமோ ஓடினா 13.8ல இருந்து 14.4 வரைக்கும் போகும். 13.3 வாக்குல சேர்ந்து 12.8 வாக்குல பிரியும் அந்த ரிலே. மடையில தண்ணி நிரம்பினா மட்டும் அடுத்த வயலுக்குத் திறக்கற மாதிரிதான்.

மூணாவது ஒயர். நிறைய பேர் ஏமாந்து போறது இதுலதான். முன்னாடி பேட்டரியில இருந்து பின்னாடி வரைக்கும் நாலு மீட்டர். போக வர எட்டு மீட்டர். 2.5 ஒயர்ல 20 ஆம்ப்ஸ் போனா வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல காணாமப் போயிடும். டைனமோ 14.2 கொடுத்தா பின்னாடி 13.1தான் வந்து சேரும். ஏற ஏறக் கரண்ட் குறைஞ்சு வோல்ட் கொஞ்சம் தேறும், ஆனா ஓடற ரெண்டு மூணு மணி நேரத்துல பேட்டரி நிரம்பவே நிரம்பாது. தினமும் அரைவயிறு. அப்படியே கிடந்தா தட்டுல வெள்ளை பூத்துடும். அதே இடத்துல 16 ஸ்கொயர் எம்.எம். போட்டா நஷ்டம் 0.2 வோல்ட்டுக்குள்ளதான். மைனஸுக்கும் சேசிஸை நம்பாம தனி ஒயர் போட்டோம். துரு பிடிச்ச போல்ட்டுல எர்த் கொடுத்தா அது ஒரு நாள் காலை வாரும்.

நாலாவது ஃபியூஸ். ப்ளஸ் ஒயர்ல ரெண்டு பக்கமும். ரெண்டு பேட்டரியும் கரண்ட் கொடுக்கறதுதானே, ஒயர் நடுவுல எங்க உரசினாலும் ரெண்டு பக்கத்துல இருந்தும் பாயும். அதனால ஒவ்வொரு பேட்டரி முனையில இருந்தும் ஒரு சாணுக்குள்ள ஒரு ஃபியூஸ். எங்களுதுல 60 ஆம்ப்ஸ். ஃபியூஸ் ஃபேனைக் காப்பாத்தறதுக்கு இல்ல, ஒயர் எரியாம இருக்கறதுக்கு. "ஃபியூஸ் அடிக்கடி போகுது, எடுத்துட்டேன்"னு சொல்ற மெக்கானிக்கிட்ட வண்டியை விடாதீங்க. நாய் குரைக்குதுன்னு நாயை அடிச்சுத் துரத்திட்டு, திருடனை வீட்டுக்குள்ள விட்ட கதை அது. சேசிஸ்ல ஓட்டை வர்ற இடத்துல எல்லாம் ரப்பர் புஷ் போட்டு, ஒயரை நெளி பைப்புக்குள்ள விட்டு, ஒரு சாணுக்கு ஒரு கிளிப் அடிச்சோம்.

அஞ்சாவது, பேட்டரி இருக்கற இடம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். சின்னப் பொறி பட்டாலும் வெடிக்கும். அதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கறது தப்பு. பாடிக்கு வெளிப்பக்கம் காத்து போற மாதிரி கம்பிப் பெட்டி அடிச்சு, பெல்ட் போட்டு இறுக்கி வெச்சோம்.

பேட்டரி விலை இல்லாம ஒயர், ரிலே, ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சது. தம்பி கையில போட்ட மருந்துச் செலவு அதுல பாதி வந்திருக்கும்.

இப்போ கோயம்பேட்டுக்குக் காய் ஏத்திக்கிட்டுப் போனா மூணு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். ராத்திரி எடுத்த 18 ஏ.எச். அதுலயே திரும்பிடுது. ஒரு சொட்டு டீசலும் தனியாப் போடறதில்ல. அமாவாசைக்கு மேல்மலையனூர் போனாலும் இப்படித்தான். ஊஞ்சல் பார்த்துட்டு வந்து பொம்பளைங்க வண்டியில ஃபேன் போட்டுப் படுத்துக்கறாங்க.

ஆனா பைபாஸ் ஓரமா பத்து நாள் ஒரே இடத்துல நின்னா? வண்டி ஓடலைன்னா டைனமோவும் இல்ல. அதுக்கு நான் சொல்ற வழி சோலார்தான். நம்ம ஊர் வெயில்ல 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 வாட் அவர் கொடுக்கும். நமக்கு வேண்டியது 215. கேபின் மேல ஒரு பேனல், ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், முடிஞ்சது. தர்பூசணி விக்கற காலத்துல வெயிலுக்கா பஞ்சம்? போன கோடையில தம்பி இப்படித்தான் ஓட்டினான், பத்து நாளும் இஞ்சினைத் தொடவே இல்ல.

இனி லித்தியம் விஷயம். தம்பி மகன் கோவிச்சுக்கக் கூடாது, அவனுக்காகத்தான் இதை எழுதறேன். லித்தியம் பேட்டரி நல்லது, நான் இல்லைங்கல. வெயிட்டு பாதிகூட இல்ல, தண்ணி ஊத்த வேணாம், முக்கால் பாகத்துக்கு மேல எடுத்தாலும் தாங்கும். ஆனா அதை லெட் ஆசிட் மாதிரி நேரா டைனமோவுல மாட்டக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே "போதும்"னு சொல்லும். லித்தியம் கடைசி வரைக்கும் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கும். டைனமோ முழு பலத்தோட மணிக்கணக்கா ஓடணும். அதுவும் டிராஃபிக்ல மெதுவாப் போகும்போது டைனமோவுல இருக்கற விசிறியும் மெதுவாத்தான் சுத்தும், சூடு ஆறாது. உள்ள காயில் கருகிடும். இன்னொண்ணு, லித்தியத்துக்குள்ள ஒரு பாதுகாப்பு போர்டு இருக்கு, அது சட்டுனு கரண்ட்டைத் துண்டிச்சா டைனமோவுல வோல்ட் எகிறி டயோடு போயிடும்.

புது வண்டிங்களுக்கு இன்னொரு சிக்கல். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற பிஎஸ்6 வண்டிகள்ல பலதுல டைனமோவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. டீசல் மிச்சம் பண்ண சில சமயம் வோல்ட்டையே இறக்கிடும். வோல்ட்டைப் பார்த்துச் சேர்ற ரிலே அதுல குழம்பிப் போகும். இதுக்கெல்லாம் ஒரே பதில் டிசி-டிசி சார்ஜர்னு ஒரு பெட்டி. வண்டியில இருந்து 20, 30 ஆம்ப்ஸ்னு அளவா மட்டும் வாங்கும், பின்னாடி பேட்டரிக்கு என்ன வோல்ட் வேணுமோ அதைச் சரியாக் கொடுக்கும். விலை பல ஆயிரம் ஆகும். அந்தப் பெட்டிக்குக் காசு இருந்தா லித்தியம் போடு, இல்லைன்னா டியூபுலரோட நில்லு. பேட்டரிக்கு முப்பதாயிரம் கொடுத்துட்டு, அதைக் காப்பாத்தற சாமானுக்குக் காசு இல்லைன்னு சொல்றதுல நியாயம் இல்ல. புது வண்டியில கண்ட இடத்துல ஒயரை வெட்டி ஒட்டினா வாரண்டி போயிடும்னும் தெரிஞ்சுக்கோ.

"இவ்வளவு வில்லங்கம் இருக்கே, எதுக்குப் பெரியப்பா இதெல்லாம், வேணாம்னு விட்டுடலாமே"ன்னு அவன் கேட்டான். அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு.

2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப டெல்டாவுல லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாய்ஞ்சது. வாரக்கணக்குல கரண்ட் இல்லாம ஜனங்க போன் சார்ஜுக்குக்கூட அலைஞ்சாங்க. அது டிவியில பார்த்தது. நம்ம பக்கமும் வரும்னு நினைக்கல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில மலைச்சரிவுல ஏழு பேர் செத்தாங்களே, அதே மழைதான். எங்க ஊர்ல மூணு நாள் கரண்ட் இல்ல. தெரு பூரா முழங்கால் தண்ணி.

ரெண்டாவது நாள் ராத்திரி பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இழுப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஏரி உபரித் தண்ணி ரோட்டை மறிச்சு ஓடுது. அவங்க வீட்டுல நெபுலைசர் மெஷின் இருக்கு, மருந்தும் இருக்கு, கரண்ட் இல்ல. ஆயாவைத் தூக்கிக்கிட்டு வந்து எங்க வண்டி பாடியில உட்கார வெச்சோம். பின்னாடி பேட்டரியில சின்ன இன்வெர்ட்டர் மாட்டி மெஷினைப் போட்டோம். பத்து நிமிஷம். மூச்சு மெல்ல மெல்ல சீராச்சு. ராத்திரி இன்னும் ரெண்டு தடவை போட்டோம். மூணு தடவைக்கும் சேர்த்து பேட்டரியில ஒரு அஞ்சு ஏ.எச்.கூடப் போயிருக்காது. காலையில தண்ணி வடிஞ்சதும், பிரிஞ்சிருந்த வண்டி பேட்டரியில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம்.

பழைய மாதிரி ரெண்டு பேட்டரியையும் நேரா கட்டி வெச்சிருந்தா, அந்தக் காலையில வண்டியே எடுத்திருக்காது. ஊரே ரெண்டு நாளா அதுலதானே போன் சார்ஜ் போட்டுக்கிட்டு இருந்துச்சு!

அதனால தம்பி மகனுக்கும், அவனை மாதிரி ஆசைப்படற எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்றேன். ரெண்டாவது பேட்டரி வை. தாராளமா வை. ஆனா ரிலே, ஃபியூஸ், தடிச்ச ஒயர் மூணும் இல்லாம வைக்காதே. பேட்டரி விக்கற கடைக்காரங்களுக்கும் ஒயரிங் பண்றவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாலு நூறு ரூபாய் மிச்சம்னு ஃபியூஸ் இல்லாம வேலையை முடிச்சுக் கொடுக்காதீங்க. வண்டிக்காரனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதுல யார் தூங்குவாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

எரிஞ்ச பாயை நான் தூக்கிப் போடல. கருகின ஓரத்தோட மாட்டுக் கொட்டாய்ல மாட்டி வெச்சிருக்கேன். புது வண்டி வந்ததும் தம்பி மகனை முதல்ல அங்க கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு, அப்புறம்தான் செய்யாறு எலக்ட்ரீஷியன்கிட்ட போகப் போறோம்.

அடுத்த பதிவுல மணிலா விதை பத்தி எழுதறேன். மழை நல்லாப் பெய்யட்டும்.